கலயத்தில் தடவிய சுண்ணாம்பு

களியக்காவிளையைத் தாண்டி திருவனந்தபுரம் சாலையில் சில கிலோமீட்டர் போனால் பாறசாலை. எல்லைக்கு இந்தப் பக்கம் 1987 முதல் கள் இறக்குவது குற்றம். அந்தப் பக்கம் லைசென்ஸ் எடுத்த கடையில் கள் விற்கலாம். பனை அதே பனைதான். பாளையை இடுக்கி, நுனியைச் சீவி, கலயம் கட்டும் முறையிலும் வித்தியாசமில்லை. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் கிடைப்பது பதநீர். இந்த வட்டாரத்துப் பேச்சில் அக்கானி. தடவாமல் விட்டால் அது கள். போலீஸ்காரரும் கலால் அதிகாரியும் இரு பக்கமும் காவல் காப்பது உண்மையில் ஒரு ரசாயன மாற்றத்தை.

இந்தக் கிராமங்களின் பள்ளிப் பிள்ளைகள் ரசாயனப் பாடத்தில் மிகவும் பயப்படுவது சமன்பாடுகளைச் சமன் செய்வதற்குத்தான். இடது பக்கம் இரண்டு போடு, வலது பக்கம் மூன்று போடு என்று கணக்குப் புதிர் போலச் சொல்லிக் கொடுக்கிறார்கள். மாணவன் மனப்பாடம் செய்கிறான். தேர்வில் வேறு சமன்பாடு வந்தால் விழிக்கிறான். அவன் வீட்டுக் கொல்லையில் தொங்கும் கலயம் இந்தப் பாடத்தைச் சுலபமாக நடத்திவிடும். ஆனால் அதை வகுப்புக்குள் கொண்டு வர யாருக்கும் தோன்றுவதில்லை. கள் என்ற சொல் வந்துவிடுமே என்ற கூச்சமாகவும் இருக்கலாம்.

பதநீரின் இனிப்புக்குக் காரணம் பெரும்பாலும் நாம் காபியில் போடும் அதே சர்க்கரை. அதன் ஒரு மூலக்கூறில் 12 கார்பன் அணுக்கள், 22 ஹைட்ரஜன், 11 ஆக்ஸிஜன். சுண்ணாம்பு இல்லாத கலயத்தில் ஈஸ்ட் நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்குகின்றன. முதலில் சர்க்கரையோடு ஒரு நீர் மூலக்கூறு சேர்கிறது. நீரில் ஹைட்ரஜன் 2, ஆக்ஸிஜன் 1. கூட்டினால் 12, 24, 12. இது இரண்டு சம பாகமாகப் பிளந்து குளுக்கோஸ் ஒன்று, பழச் சர்க்கரை ஒன்று என ஆகிறது. ஒவ்வொன்றிலும் 6 கார்பன், 12 ஹைட்ரஜன், 6 ஆக்ஸிஜன்.

அடுத்த கட்டத்தில் குளுக்கோஸ் உடைந்து ஆல்கஹாலும் கரியமில வாயுவும் உண்டாகின்றன. ஆல்கஹாலில் 2 கார்பன், 6 ஹைட்ரஜன், 1 ஆக்ஸிஜன். கரியமில வாயுவில் 1 கார்பன், 2 ஆக்ஸிஜன். ஒன்றுக்கு ஒன்று எழுதினால் கார்பன் 3தான் தேறும். மீதி 3 எங்கே என்ற கேள்வி வரும். ஆல்கஹால் 2, கரியமில வாயு 2 என்று எழுதிப் பாருங்கள். கார்பன் 4ம் 2ம் 6. ஹைட்ரஜன் 12. ஆக்ஸிஜன் 2ம் 4ம் 6. கணக்கு நேராகிவிட்டது. சமன் செய்வது இவ்வளவுதான்: உள்ளே போன ஒவ்வொரு அணுவும் வெளியே வந்ததா என்று பார்ப்பது. பற்று வரவு எழுதும் மளிகைக் கடைக்காரருக்கு இது புதிதல்ல.

எடையிலும் இதைச் சரிபார்க்கலாம். 180 கிராம் குளுக்கோஸ் முழுவதும் புளித்தால் 92 கிராம் ஆல்கஹால், 88 கிராம் கரியமில வாயு. ஒரு லிட்டர் பதநீரில் 100 கிராம் சர்க்கரை இருப்பதாக வைத்துக் கொண்டால், அது முழுவதும் புளிக்கும்போது 25 லிட்டருக்கும் அதிகமான வாயு வெளியேறும். கள் நுரைப்பதற்கும், இறுக மூடிய பாட்டிலின் மூடி தெறிப்பதற்கும் காரணம் அதுதான். திறந்த கலயத்தில் அந்த வாயு காற்றோடு போய்விடுவதால் எடை குறைந்தது போலத் தெரிகிறது.

இந்த ‘காணாமல் போன’ எடையைத் தேடிப் போனவர் லவாய்சியர். 1789ல் வெளிவந்த அவரது ரசாயன நூலில் திராட்சைச் சாறு புளிப்பதை எடுத்துக்கொண்டு, சாறு ஒரு பக்கம், கரியமில வாயுவும் ஆல்கஹாலும் மறு பக்கம், நடுவில் சமக்குறி என்று எழுதினார். மாற்றத்துக்கு முன்னும் பின்னும் பொருளின் அளவு மாறாது என்ற விதியை அவர் அழுத்திச் சொன்ன இடம் அதுவே. அவர் எடுத்த எடைகளில் பிழைகள் இருந்தன. விதியில் பிழை இல்லை. பிரெஞ்சுப் புரட்சியின்போது 1794ல் அவர் தலை வெட்டப்பட்டது. புளிக்க வைப்பது உயிருள்ள ஈஸ்ட் என்பதைப் பிறகு லூயி பாஸ்டர் நிறுவினார். ஆக, ரசாயனத்தில் சமக்குறி போட்டு எழுதிய முன்னோடிச் சமன்பாடே கள்ளின் சமன்பாடுதான். நம் பாடப் புத்தகங்கள் மட்டும் அதைப் பின்பக்கத்துக்குத் தள்ளிவிட்டு, மாணவன் கண்ணில் படாத மக்னீசியம் நாடாவை எரித்துக் கொண்டிருக்கின்றன.

சுண்ணாம்பின் கதை இன்னும் அழகானது. 100 கிராம் சிப்பியைச் சூளையில் சுட்டால், அது சுத்தமான கால்சியம் கார்பனேட் என்று வைத்துக் கொண்டால், 44 கிராம் கரியமில வாயு போய் 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். அதில் 18 கிராம் நீர் சேர்ந்தால் கொதித்துப் பொரிந்து 74 கிராம் நீற்றிய சுண்ணாம்பு. இதைச் சுவரில் அடித்தால் காற்றிலுள்ள கரியமில வாயுவை 44 கிராம் இழுத்துக்கொண்டு, 18 கிராம் நீரை விட்டுவிட்டு, மறுபடி 100 கிராம் கால்சியம் கார்பனேட்டாகிறது. சிப்பி சுவரில் வந்து உட்கார்ந்துவிட்டது! மலையாளத்தில் சுண்ணாம்புக்கு நூறு என்று பெயர். பழந்தமிழிலும் அந்தச் சொல் உண்டு. அதன் மூலப் பொருளின் மூலக்கூறு எடையும் நூறாக அமைந்தது தற்செயல்; ஆனால் பையன்கள் மறக்க மாட்டார்கள்.

நீற்றிய சுண்ணாம்பு காரத்தன்மை உடையது. அந்தக் காரத்தில் ஈஸ்ட் பெருக முடியாது. சர்க்கரை உடையாமல் நிற்பதால்தான் பதநீரைக் காய்ச்சி, சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டி எடுக்க முடிகிறது. உடைந்த சர்க்கரை பாகாகவே நிற்கும், கட்டியாக இறுகாது. பனையேறி குடும்பத்துப் பெண்கள் அடுப்படியில் கற்றிருந்த ரசாயனம் இது.

வகுப்பில் நடக்கும் ஒரு தவறை இங்கே சொல்ல வேண்டும். சமன் ஆகாவிட்டால் சில மாணவர்கள் பொருளுக்கு முன்னால் எண்ணைப் போடாமல், குறியீட்டுக்குக் கீழே உள்ள சின்ன எண்ணை மாற்றிவிடுகிறார்கள். ஆசிரியர் அரை மார்க் குறைத்துவிட்டுப் போகிறார். அரை மார்க் விஷயமா அது? முன்னால் உள்ள எண் ‘எத்தனை’ என்று சொல்கிறது. கீழே உள்ள எண் ‘எது’ என்று சொல்கிறது. ஆல்கஹாலின் 2 கார்பன், 6 ஹைட்ரஜனை 1 கார்பன், 4 ஹைட்ரஜன் என்று மாற்றுங்கள். வருவது மெத்தனால், கண்ணையும் உயிரையும் பறிக்கும் விஷம். 2000ல் கொல்லம் மாவட்டம் கல்லுவாதுக்கலில் 30 பேருக்கு மேல் விஷச் சாராயத்துக்குப் பலியானார்கள். 2024ல் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல். எல்லையின் இரு பக்கமும் இந்தச் சின்ன எண்ணின் அர்த்தம் தெரியும்.

1956ல் விளவங்கோடு தமிழ்நாட்டுக்கு வந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. பாறசாலைப் பக்கத்துத் தமிழ் வீட்டுப் பிள்ளை மலையாள வகுப்பில் ‘ராசப்பிரவர்த்தனம்’ படிக்கிறது. அதன் மாமா மகன் களியக்காவிளையில் ‘வேதிவினை’ படிக்கிறான். இரண்டு சொல்லும் இரண்டு வீட்டிலும் புழங்காதவை. புளித்தது, நீற்றியது, காய்ச்சியது என்ற சொற்கள் இரு வீட்டிலும் உண்டு. பாடம் அங்கிருந்து தொடங்கினால் மொழிச் சிக்கலில் பாதி தீர்ந்துவிடும்.

காலம் மட்டும் அதிகம் இல்லை. பனை நின்ற இடங்களில் ரப்பர் வந்துவிட்டது. ஏறத் தெரிந்தவர்களும் குறைந்துவிட்டார்கள். ரப்பர் பாலில் ஃபார்மிக் அமிலம் விட்டு உறைய வைப்பதும் ரசாயனம்தான் என்றாலும், அதை எட்டாம் வகுப்புச் சமன்பாட்டில் அடக்க முடியாது.

வீட்டிலேயே செய்து பார்க்க ஒன்று. வெதுவெதுப்பான நீரில் கருப்பட்டியைக் கரைத்து, ஆப்ப மாவுக்குப் போடும் ஈஸ்ட் ஒரு சிட்டிகை சேர்த்து பாட்டிலில் ஊற்றுங்கள். மூடியில் துளையிட்டு ஒரு மெல்லிய குழாயைச் செருகுங்கள். குழாயின் மறு முனை தெளிந்த சுண்ணாம்பு நீரில் முங்கியிருக்கட்டும். பாட்டிலை அடைத்து மூடிவிடக் கூடாது. வாயுவுக்குக் குழாய் வழி திறந்தே இருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் குமிழி வரும். சுண்ணாம்பு நீர் பால் போலக் கலங்கும். சர்க்கரையிலிருந்து கிளம்பிய கார்பன் சுண்ணாம்பில் வந்து சேர்ந்துவிட்டது.

வாயுவைத் தொடர்ந்து விட்டால் கலங்கிய நீர் மறுபடி தெளியும். கால்சியம் கார்பனேட், நீர், கரியமில வாயு மூன்றும் சேர்ந்து கால்சியம் பைகார்பனேட் என்ற கரையும் பொருளாவதே காரணம். அதில் கால்சியம் 1, ஹைட்ரஜன் 2, கார்பன் 2, ஆக்ஸிஜன் 6. இந்தச் சமன்பாட்டுக்கு எந்தப் பொருளின் முன்னால் எந்த எண் போட வேண்டும் என்பதைப் பிள்ளைகளே எண்ணிச் சொல்லட்டும்.