வழிகாட்டி தர முடியாத இரவுகள்

கண்டி நகரம் கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 500 மீற்றர் மேலே இருக்கிறது. பக்கத்தில் ஹந்தானை, வடகிழக்கே நக்கிள்ஸ், தெற்கே சிவனொளிபாத மலை என்று எந்தத் திசையில் பார்த்தாலும் மலைதான். இங்கே வளர்ந்தவர்களுக்கு ஏற்றம் புதிதல்ல. தோட்டங்களில் கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு நாள் முழுக்கச் சரிவில் ஏறி இறங்கும் பெண்களுக்கு அது தொழிலின் ஒரு பகுதி. ஆகவே, நேபாளத்துக்கு ஒரு வாரமோ பத்து நாளோ வழிகாட்டியோடு மலைநடை போகப் பெயர் கொடுக்கும் நம்மவர்களுக்குத் தயாரிப்பு என்றதும் நினைவுக்கு வருவது நல்ல சப்பாத்து, தடித்த ஜக்கெட், ஒரு மாத நடைப்பயிற்சி ஆகியவைதான். இவை தேவையானவையே. ஆனால் உயரமான மலைக்கான தயாரிப்பில் உயிரைக் காக்கும் பகுதி இலங்கையில் செய்யக்கூடியதே அல்ல. அதை அங்கே போய், உடம்பு மெல்லிய காற்றுக்குப் பழகும்வரை இரவுகளைச் செலவழித்துத்தான் செய்ய வேண்டும். பயணத்தைக் குறுக்கும்போது முதலில் வெட்டப்படுவதும் அந்த இரவுகளே. எனவே முற்பணம் கட்டுமுன் பயண நிரலில் எந்த இரவு எந்த உயரத்தில் கழிகிறது என்று பார்ப்பதுதான் முதல் தயாரிப்பு என்கிறேன். பயிற்சியும் உடுப்பும் அதற்குப் பிறகு வருபவை.

நம்மை ஏமாற்றுவது சிவனொளிபாதம் தரும் நம்பிக்கை. மார்கழிப் போயா தொடங்கி வெசாக் வரையான யாத்திரைக் காலத்தில், நல்லதண்ணியிலிருந்து ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகளை எழுபது வயதானவர்கள்கூட ஒரே இரவில் ஏறி, சூரிய உதயம் பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். அதைச் செய்தவருக்கு எந்த மலையும் பெரிதல்ல என்று தோன்றுவது இயல்பு. ஆனால் அந்த உச்சியின் உயரம் 2,243 மீற்றர்தான். உயரத்தால் வரும் நோய் பொதுவாகத் தலைகாட்டத் தொடங்குவது 2,500 மீற்றருக்கு மேலே. இந்த நாட்டின் மிக உயர்ந்த மலையான பீதுருதலாகல 2,524 மீற்றர். ஹோட்டன் சமவெளியும் நுவரெலியாவும் அதற்குக் கீழே. அதாவது, நமது நாடு முடிகிற உயரத்தில்தான் அந்த நோயின் எல்லை தொடங்குகிறது. நுவரெலியாக் குளிரில் எத்தனை நாள் நடுங்கியிருந்தாலும், சிவனொளிபாதம் எத்தனை முறை ஏறியிருந்தாலும், மெல்லிய காற்றில் உறங்கி எழுவது எப்படியிருக்கும் என்பதை நம் உடம்பு ஒரு நாளும் அறிந்ததில்லை. ஆனால் நேபாளத்தில் எவரெஸ்ட் அடிவாரப் பாதை தொடங்கும் லுக்லா விமான நிலையத்தில் இறங்கும்போதே பயணி 2,860 மீற்றரில் நிற்கிறார். காத்மண்டுவிலிருந்து ஏறத்தாழ 1,500 மீற்றர் உயர்வை அரை மணி நேர விமானப் பறப்பு கொடுத்துவிடுகிறது.

அங்கே உடம்புக்குள் நடப்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் தவறான தயாரிப்புக்குக் காரணம் இது விளங்காததே. மேலே போனாலும் காற்றில் ஒட்சிசனின் பங்கு குறைவதில்லை, காற்றின் அழுத்தம்தான் குறைகிறது. 5,500 மீற்றரில் அது கடற்கரையில் உள்ளதில் பாதி. ஒரு மூச்சில் கிடைக்கும் ஒட்சிசனும் பாதியாகிறது. உடம்பு உடனே வேகமாகவும் ஆழமாகவும் மூச்சு வாங்குகிறது. அதனால் கரியமிலவாயு கூடுதலாக வெளியேறி, இரத்தத்தின் அமில காரச் சமநிலை குலைகிறது. அதைச் சிறுநீரகம் சரிசெய்து முடிக்கச் சில நாட்கள் பிடிக்கும். அதுவரை மூச்சு அடங்கியே இருக்கும், உறக்கம் கெடும். சிவப்பணுக்கள் பெருகுவதற்கோ வாரங்கள் வேண்டும். பேராதனையில் தினமும் ஐந்து கிலோ மீற்றர் ஓடினால் இதயமும் கால்களும் உரமேறும், ஆனால் இந்த வேலையில் ஒரு மணி நேரத்தைக்கூட அந்த ஓட்டம் மிச்சப்படுத்தாது.

இளம் வயது, உடற்பலம் என்ற வாதத்துக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே பதில் கிடைத்துவிட்டது. எவரெஸ்ட் அடிவாரப் பாதையில் உள்ள பெரிச்சே என்ற ஊரில், 4,243 மீற்றர் உயரத்தில், அமெரிக்க மருத்துவர் பீற்றர் ஹெக்கற்றும் அவரது குழுவினரும் 278 மலைநடைப் பயணிகளை ஆராய்ந்து, 1976இல் லான்செற் இதழில் முடிவுகளை வெளியிட்டார்கள். அவர்களில் 53 வீதமானோருக்கு உயரநோய் கண்டிருந்தது. கீழிருந்து நடந்தே வந்தவர்களில் இது 42 வீதம், லுக்லாவுக்கு விமானத்தில் வந்தவர்களில் 60 வீதம். வேகமாக ஏறியவர்களும் வழியில் குறைந்த இரவுகளைக் கழித்தவர்களும் கூடுதலாகப் பாதிக்கப்பட்டார்கள். முதியவர்களைவிட இளையவர்களுக்கே கூடுதலாக வந்தது. ஆணா பெண்ணா என்பதோ, முன்பு உயரத்துக்குப் போன அனுபவமோ, முதுகில் சுமந்த பாரமோ ஒரு வித்தியாசத்தையும் ஏற்படுத்தவில்லை. திடகாத்திரமான இளைஞன் களைப்புத் தெரியாமல் வேகமாக ஏறுகிறான், அதனால் ஆபத்தான உயரத்தை மற்றவர்களுக்கு முன்பே எட்டிவிடுகிறான். அவனுடைய பலம் அவனுக்கே எதிராக வேலை செய்கிற இடம் அது.

வழிகாட்டி கூட வருகிறாரே, அவர் பார்த்துக்கொள்ள மாட்டாரா என்பது அடுத்த கேள்வி. நேபாளத்தில் 2023 ஏப்ரல் முதல் வெளிநாட்டு மலைநடைப் பயணிகள் வழிகாட்டியோடுதான் போக வேண்டும் என்ற விதி வந்திருக்கிறது. வழி தவறுவதையும் விபத்தில் அநாதரவாகக் கிடப்பதையும் குறைப்பதால் அது நல்ல விதியே. ஆனால் வழிகாட்டியால் நிரலில் இல்லாத இரவை உண்டாக்க முடியாது. 1987 முதல் 1991 வரை நேபாள மலைநடையில் நேர்ந்த இறப்புகளை மருத்துவர் டேவிட் ஷ்லிம் ஆராய்ந்தபோது, உயரநோயால் இறந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் நால்வர் ஏற்பாடு செய்யப்பட்ட குழுக்களில் போனவர்கள் என்று தெரியவந்தது. அந்த ஆண்டுகளில் மலைநடைக்குப் போனவர்களில் அப்படிக் குழுவாகப் போனவர்கள் பாதிக்கும் குறைவு. தனியாகப் போகிறவர் தலையிடி வந்தால் ஒரு நாள் நின்றுவிடுவார். குழுவில் இருப்பவருக்கு அடுத்த ஊரில் அறை பதிவாகியிருக்கிறது, திரும்பும் விமானத்துக்குத் திகதி குறித்தாகிவிட்டது, தன் ஒருவருக்காகப் பத்துப் பேர் காத்திருப்பதா என்ற கூச்சமும் இருக்கிறது. சத்தி வருவதை மறைத்துக்கொண்டு அவர் அடுத்த ஏற்றத்துக்குக் கிளம்பிவிடுகிறார். நம்மவர்களிடையே இந்தக் கூச்சம் இன்னும் அதிகம். பெரியவர் ஒருவர் தலைமை தாங்கும் குழுவில் 'எனக்கு ஏலாது' என்று வாய்விட்டுச் சொல்லும் இளையவர்கள் எத்தனை பேர்?

மாத்திரை இருக்கிறது என்பார்கள். அசற்றசோலமைட் என்ற மருந்து உண்மையாகவே உதவுகிறது. ஹெக்கற்றின் ஆய்விலேயே, விமானத்தில் வந்தவர்களுக்கு அது நோயைக் கணிசமாகக் குறைத்தது. உடம்பு தானாகச் செய்யும் அந்தச் சமநிலை வேலையை அது விரைவுபடுத்துகிறது. ஆனால் அது இரவுகளுக்கு மாற்றல்ல, துணை மட்டுமே. சல்பா மருந்து ஒவ்வாதவர்கள் வைத்தியரிடம் முதலில் சொல்ல வேண்டும், எவரும் பாமசியில் கேட்டு வாங்கித் தாமாக விழுங்கக் கூடாது. தலையிடி மாத்திரையைப் போட்டுக்கொண்டு மேலே ஏறுவது இன்னும் மோசம், எச்சரிக்கைக் குரலை அடைத்துவிட்டு நடப்பதற்கு அது சமம். நேர்கோட்டில் அடிமேல் அடி வைத்து நடக்க முடியாமல் ஒருவர் தள்ளாடினால் மூளை வீங்கத் தொடங்குகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கி இருமினால் நுரையீரலில் நீர் கோக்கிறது. இரண்டுக்கும் முதல் வைத்தியம் உடனே கீழே இறங்குவதுதான், இருட்டாக இருந்தாலும் விடியக் காத்திராமல்.

தமிழ் அடியார்களிடம் வேறொரு பதில் இருக்கிறது. நேபாளத்தின் முக்திநாத் கோயிலுக்குப் போகிறவர்கள் மலையேறிகள் அல்ல, நம்பிக்கையோடு போகும் வயதானவர்கள், அவர்கள் நலமாகத்தானே திரும்பி வருகிறார்கள் என்பது அது. அந்த நம்பிக்கைமேல் எனக்கு மதிப்பு உண்டு. பெரும்பாலானோர் நலமாகத் திரும்புவதும் உண்மை. ஆனால் காரணத்தைப் பார்க்க வேண்டும். கோயில் 3,700 மீற்றருக்கு மேலே இருந்தாலும் பலர் ஜீப்பில் போய்த் தரிசனம் முடித்து, ஆயிரம் மீற்றர் கீழே உள்ள ஜொம்சொம்மில் வந்து உறங்குகிறார்கள். உயரத்தில் சில மணி நேரம், தாழ்வில் இரவு என்பது பாதுகாப்பான முறைதான். கைலாய யாத்திரையில் அந்த வசதி கிடையாது. மானசரோவர் 4,500 மீற்றருக்கு மேலே, மலையை வலம்வரும் பரிக்கிரமாவில் கடக்கும் டோல்மா கணவாய் 5,600 மீற்றருக்கு மேலே. அங்கே இரவுகளை உயரத்திலேயே கழித்தாக வேண்டும். முக்திநாத் போய் வந்ததை வைத்துக் கைலாயத்துக்குத் தயார் என்று எண்ணுவது, சிவனொளிபாதத்தை வைத்து எவரெஸ்ட் அடிவாரத்தை அளப்பதைப் போன்ற அதே பிழை. இதயநோய், ஆஸ்துமா, உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் கட்டாயமாகவும், இரத்தச்சோகை இருக்கக்கூடிய பெண்கள் இரத்தப் பரிசோதனை செய்துகொண்டும், பயணத்துக்குச் சில மாதங்கள் முன்பே வைத்தியரைப் பார்க்க வேண்டும். குறைபாட்டைச் சரிசெய்ய அந்த மாதங்கள் தேவைப்படும்.

அப்படியானால் கண்டியில் செய்யக்கூடியது ஒன்றுமில்லையா? நிறைய இருக்கிறது, ஆனால் எதற்காகச் செய்கிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும். ஹந்தானையும் நக்கிள்ஸும் கால்களுக்கும் மனதுக்குமான பள்ளிக்கூடங்கள், நுரையீரலுக்கானவை அல்ல. நக்கிள்ஸ் தொடரின் உயர்ந்த சிகரமான கொம்பனியா 1,906 மீற்றர்தான். எனினும் ஹுன்னஸ்கிரிய வழியாக டீன்ஸ்டன் போய், வன பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியோடும் வழிகாட்டியோடும் இரண்டு நாள் அடுத்தடுத்து நடந்தால், கடையில் பார்த்துத் தெரியாதவை பல தெரியவரும். புதுச் சப்பாத்து எங்கே கடிக்கிறது, நனைந்த பருத்திச் சட்டை காற்றில் எவ்வளவு விரைவாக உடம்பைக் குளிர வைக்கிறது, ஏற்றத்தைவிட இறக்கம் முழங்காலை எப்படி வாட்டுகிறது என்பதெல்லாம் அங்கே விளங்கும். கூட்டத்தில் மிக மெதுவாக நடப்பவரின் வேகத்தில் எல்லோரும் நடக்கப் பழகலாம். எல்லாவற்றிலும் பெரிய பயிற்சி, பாதியில் திரும்பப் பழகுவது. மூடுபனியில் ஹந்தானையில் சிக்கி மீட்கப்பட்ட இளைஞர் குழுக்களின் செய்திகளை நாம் வாசித்திருக்கிறோம். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயலின்போது கண்டி மாவட்டம் மண்சரிவுகளில் இழந்த உயிர்களை எவரும் மறக்க முடியாது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுத்த நாளில், வானுக்குப் பணம் கட்டியாகிவிட்டதே என்று பாராமல் நக்கிள்ஸ் பயணத்தை ஒத்திவைக்கத் தெரிந்த குழு, நேபாளத்தில் ஒருவருக்குத் தலையிடி கூடினால் நிற்கவும் தெரிந்திருக்கும். இலங்கை மலையேறி யோஹான் பீரிஸ் 2016இல் எவரெஸ்ட் உச்சிக்குச் சில நூறு மீற்றர் கீழே நின்று திரும்பினார். அந்த ஆண்டு உச்சியை அடைந்த முதல் இலங்கையர் அவருடன் போன ஜயந்தி குரு உதும்பால. பீரிஸ் உயிரோடு இறங்கியதால்தான் 2018இல் மறுபடி போய் ஏற முடிந்தது.

மறுக்கக் கடினமான வாதம் பணமும் லீவும்தான். தனியார் நிறுவனத்தில் வேலை செய்பவருக்கு ஒரே மூச்சில் பதினைந்து நாள் லீவு கிடைப்பது அரிது. நாணயப் பெறுமதி வீழ்ந்த பின் ஒவ்வொரு மேலதிக இரவும் பெரிய செலவு. குறுகிய பயணம் பேராசையால் பிறந்தது அல்ல, இந்த நெருக்கடியால் பிறந்தது. இதை ஏற்றுக்கொண்டே கணக்கைப் பார்ப்போம். 3,000 மீற்றரைக் கடந்த பின் உறங்கும் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீற்றருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கொரு முறை ஒரு நாள் தங்க வேண்டும் என்பது மலை மருத்துவர்களின் பொதுவான அறிவுரை. இதன்படி எவரெஸ்ட் அடிவாரப் பாதையில் நாம்சேயில் 3,440 மீற்றரிலும், டிங்போச்சேயில் 4,410 மீற்றரிலும் இரண்டிரண்டு இரவுகள் தேவை. நிரலை ஒரு வாரத்துக்குச் சுருக்கும்போது காணாமல் போவது இந்த இரவுகளே. அப்படி மிச்சமாகும் பணம், ஒருவரை ஹெலிகொப்டரில் இறக்க நேர்ந்தால் பல மடங்காகச் செலவாகிவிடும். பல பயணக் காப்புறுதிகள் குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் செல்லுபடியாகாது என்பதையும் கையொப்பமிடுமுன் வாசிக்க வேண்டும்.

இங்கே பயண முகவர்களுக்கும் ஒரு பொறுப்பு இருக்கிறது. துண்டுப்பிரசுரத்தில் ஹோட்டலின் நட்சத்திரமும் உணவு வகையும் அச்சிடப்படுகின்றன. அதே பட்டியலில் ஒவ்வோர் இரவும் உறங்கும் இடத்தின் உயரத்தையும் அச்சிட வேண்டும். ஒரு வரிக்குக் கூடுதல் செலவு எதுவும் இல்லை. நோயுற்றவர் ஒரு வழிகாட்டியோடு கீழே இறங்க, மற்றவர்கள் இன்னொருவரோடு தொடர்ந்து போக முடியுமா என்பதற்கும் எழுத்தில் பதில் வேண்டும். ஒரே ஒரு வழிகாட்டி உள்ள குழுவில் எவரும் தனியாக இறங்க முடியாது, ஆகவே எவரும் இறங்க மாட்டார்கள்.

ஆறேழு நாள் லீவுதான் என்றால் அதற்கேற்ற மலை இருக்கிறது. பொக்கராவிலிருந்து கோரேபானி வழியாகப் பூன் ஹில் போகும் பாதையில் இரவுகள் 2,900 மீற்றருக்குக் கீழேயே கழியும், 3,210 மீற்றர் உச்சிக்கு விடியற்காலையில் ஏறி, தவுளகிரியையும் அன்னபூர்ணாவையும் பார்த்துவிட்டுக் காலை உணவுக்கு இறங்கிவிடலாம். ஹந்தானையில் பழகிய கால்களுக்கு அது போதுமான சவால். எவரெஸ்ட் அடிவாரத்துக்குத்தான் போக வேண்டும் என்று மனதில் வைத்திருப்பவர் இரண்டு ஆண்டு லீவைச் சேர்த்துக்கொண்டு, நாம்சேயிலும் டிங்போச்சேயிலும் இரண்டிரண்டு இரவுகள் எழுதப்பட்டிருக்கும் நிரலுக்கே முற்பணம் கட்டட்டும்.