இந்தோனேசிய மாணவரின் அரபு எழுத்தில் தாய்மொழித் தாக்கம்

இந்தோனேசியாவின் இஸ்லாமியப் பல்கலைக்கழகங்களில் அரபுத்துறை மாணவர் பலர் தம் ஆய்வேட்டை அரபு மொழியிலேயே எழுதுகின்றனர். அவருள் ஆஜுரூமிய்யாவும் அல்ஃபிய்யாவும் ஓதித் தேர்ந்தவர்களும் உளர். ஆயினும் எழுதுங்கால் பிழை மலிகின்றது. 'நஹ்வு அறியாதவர்' என்னும் பழியும் வந்து சேர்கின்றது. அப்பழி பொருந்தாது என்பது நம் கருத்து.

சான்றொன்று காண்போம். 'பூக்கு பாரு இத்து' என்பது இந்தோனேசியத் தொடர். நூல், புதிய, அந்த என்பது அதன் சொல்வரிசை. இறுதியில் நிற்கும் 'இத்து' தொடர் முழுவதையும் சுட்டிவிடுகின்றது. அரபிலோ பெயருக்கும் அடைக்கும் தனித்தனியே 'அல்' வேண்டும்: 'அல்கிதாபுல் ஜதீது'. மாணவர் ஒரே 'அல்' இட்டு 'அல்கிதாபு ஜதீதுன்' என எழுதிவிடின், 'அந்தப் புதிய நூல்' என்னும் தொடர் 'அந்நூல் புதியது' என்னும் வாக்கியமாகிவிடும். இரு மொழியிலும் அடை பெயருக்குப் பின்னரே வருவதுதான் இங்கு இடறல். நம் தமிழ்போல் அடை முன்னே வந்திருப்பின், அவர் சற்று நின்று எண்ணியிருப்பார் அன்றோ!

இந்தோனேசியத்தில் அவனுக்கும் அவளுக்கும் 'தியா' என்னும் ஒரே சொல். ஆதலின் அரபு வினையில் பால் மயங்குகின்றது. அம்மொழியில் ஒன்று மற்றொன்றோடு வேறுபடும். அரபிலோ ஒன்றிலிருந்து வேறுபட வேண்டும். ஆகவே 'அன்' வரவேண்டிய இடத்தில் 'மஅ' வந்துவிடுகின்றது.

ஜாவாவின் பெசந்திரன்களில் கிதாபு ஓதும் முறை இங்கு நினைக்கத்தக்கது. அரபு வரியின் கீழே சொல்லுக்குச் சொல் ஜாவாமொழிப் பொருளைச் சாய்வாக எழுதுவர். நம் முன்னோரின் அரபுத்தமிழ் போன்று, அதுவும் அரபு எழுத்திலேயே அமைந்தது, பெகோன் எனப்படுவது. முப்ததாவுக்கு 'உத்தாவி', கபருக்கு 'இக்கு' என ஒவ்வோர் இலக்கண நிலைக்கும் ஓர் அடையாளச்சொல் உண்டு. வியக்கத்தக்க கல்விமுறை! ஆனால் அது அரபிலிருந்து தாய்மொழிக்கு வரும் வழி. ஆய்வேடு எழுதுபவர் எதிர்த்திசையில் நடக்கின்றார்; அவ்வழியில் அத்தகைய அடையாளம் எதனையும் நாம் நட்டு வைக்கவில்லை.

தாய்மொழியை வகுப்பறை வாயிலிலேயே நிறுத்துக என்பாரும் உளர். பேச்சுப் பயிற்சிக்கு அது நன்றே. எழுத்திலோ, வாயிலில் நிறுத்திய மொழி மாணவரின் எண்ணத்துள் முன்னரே புகுந்து அமர்ந்திருக்கின்றது. பழிக்கு அஞ்சுபவர் பிறர் நூல்களின் வாக்கியங்களை எடுத்து ஒட்டத் தொடங்குவார். அவ்வேட்டில் அவர் சிந்தனை எங்கே இருக்கும்?

திருத்தும் ஆசிரியர் சிவப்பு மையால் சுழித்ததோடு நில்லாமல், அவ்வாக்கியத்தை இந்தோனேசியத்திலும் பக்கத்தில் எழுதுமாறு பணிக்கலாம். இரண்டையும் அருகருகே வைத்தால், 'இத்து' நின்ற இடமும் 'அல்' விடுபட்ட இடமும் மாணவர் கண்ணுக்கே புலப்படும்.