பழகிப்போன உடம்பு என்றொரு பொய்

“உங்காளுகளுக்கு அதெல்லாம் ஒன்னும் பண்ணாதப்பா. ஒடம்பு பழகிருச்சு.” கொங்கு மண்ணில் பிறந்த தலித் எவரும் இந்தச் சொல்லைக் கேட்காமல் வளர்ந்திருக்க முடியாது. சித்திரை வெயிலில் காட்டு வேலைக்குக் கூப்பிடும்போது பண்ணையத்துக்காரர் சொல்வார். சாக்கடை மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு மேஸ்திரி சொல்வார். சாயத்தொட்டிக்கு ஆள் எடுக்கும்போது பட்டறைக்காரர் சொல்வார். நான் எம்.ஏ. தமிழ் படித்த காலத்தில் ஒரு பேராசிரியர் இதையே திணைக் கோட்பாடாக விளக்கினார். நிலமும் பொழுதும் முதற்பொருள், அவை மக்களின் உடலையும் தொழிலையும் வடித்துத் தருகின்றன என்றார். சாக்கடை அள்ளுவதற்கு எந்தத் திணைங்கய்யா என்று கேட்டேன். பதில் வரவில்லை.

இன்றைக்கு இதே பேச்சு மரபணு, தகவமைப்பு என்ற சொற்களோடு வருகிறது. படித்தவர்கள் பேசுகிறார்கள். ஒன்றை ஒத்துக்கொள்வோம்: சூழல் மனித மரபணுவைத் திருத்தும் என்பது உண்மைதான். எப்படித் திருத்தும், என்ன விலைக்குத் திருத்தும் என்பதைத்தான் இவர்கள் சொல்வதில்லை. அதைத் தெரிந்துகொள்ள எங்கள் ஆற்றின் தலைமாட்டுக்குப் போக வேண்டும்.

பவானி ஆறு நீலகிரியில் பிறந்து, கேரளத்து அட்டப்பாடிக்குள் புகுந்து, மறுபடி தமிழ்நாட்டுக்கு வந்து, மேட்டுப்பாளையம், சத்தி, கோபி வழியாக எங்கள் ஊர்க் கூடுதுறையில் காவிரியோடு சேர்கிறது. அந்த நீலகிரிப் பழங்குடிகளின் ரத்தத்தில் அரிவாள் செல் இருப்பதை 1952-இல் லேமன், கட்புஷ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எழுதினார்கள். பெரும்பாலும் ஆப்பிரிக்க வழியினருக்கே உரியது என்று அதுவரை நினைக்கப்பட்டது அது. ஹீமோகுளோபினைச் செய்யும் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கும். தாய் தகப்பனில் ஒருவரிடமிருந்து மட்டும் அது வந்தால் பொதுவாக வெளியே ஒன்றும் தெரியாது. அந்தக் குழந்தையைக் கொடிய மலேரியா லேசில் கொல்லாது. இருவரிடமிருந்தும் வந்துவிட்டால் சிவப்பணு கருக்கரிவாள் மாதிரி வளைந்து ரத்தக்குழாயை அடைக்கும். எலும்பெல்லாம் வலி. ரத்தமின்மை. சின்ன வயதிலேயே சாவு. மலேரியாவுக்கும் இந்த ரத்தத்துக்கும் உள்ள தொடர்பை ஆலிசன் 1954-இல் கிழக்கு ஆப்பிரிக்காவில் நிறுவினார். இப்படி ஒன்று நடந்திருக்கலாம் என்று 1949-லேயே இன்னொரு ரத்தநோயை வைத்து யோசித்தவர் ஹால்டேன். அவர் பின்னாளில் இந்தியக் குடிமகனாகி 1964-இல் புவனேசுவரத்தில் இறந்தார்.

இது உடம்பு பழகி வந்ததா? இல்லை. காய்ச்சல் அடித்தது. எழுத்து மாறாத பிள்ளைகளில் நிறையப் பேர் செத்தார்கள். ஒற்றையாக மாறியவர்கள் பிழைத்துப் பிள்ளை பெற்றார்கள். இரட்டையாக மாறியவர்கள் அதனாலேயே செத்தார்கள். இப்படி நூற்றுக்கணக்கான தலைமுறை. தகவமைப்பு என்று பாடநூல் ஒரே சொல்லில் முடிப்பது இதைத்தான். தனி ஓர் ஆளின் உடம்பு எதற்கும் தகவமைவதில்லை. சாகாமல் மிஞ்சியவர்களின் கணக்கு அது. ஒவ்வொரு தலைமுறையிலும் பிள்ளைகளைக் குழியில் வைத்து வாங்கியது. நாலு தலைமுறையாக இறக்கி விட்டுக்கொண்டிருக்கிறவன் ‘பழகிருச்சு’ என்றால், எத்தனை பிள்ளைகளைப் புதைத்த பிறகு பழகியது என்றும் அவனே சொல்லட்டும்.

மெய்யாகவே தகவமைந்த சனங்களுக்கு இந்தச் சமூகம் என்ன மரியாதை செய்தது என்பதையும் பார்க்கலாம். காய்ச்சல்தான் அந்தக் காடுகளுக்குக் காவலாக இருந்தது. சமவெளிக்காரன் உள்ளே போகப் பயந்தான். 1953-இல் தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது, டி.டி.டி. அடித்தார்கள். காய்ச்சல் அடங்க அடங்க வயநாட்டில் குடியேற்றம் பெருகிற்று. நேபாளத்துத் தராயிலும் அதுவே நடந்தது. மலேரியாவைத் தாங்கிய தாரு மக்களின் நிலத்தை மேலேயிருந்து இறங்கி வந்த ஆதிக்க சாதிகள் எடுத்துக்கொண்டன. தாருக்களில் பலர் கமையா என்ற கொத்தடிமைகளானார்கள். அந்த முறையை அரசு 2000-இல்தான் ஒழித்தது. மருந்து வந்தது தப்பென்று நான் சொல்லவில்லை. கொசு செத்த அன்றே பட்டாவும் கொடுத்திருக்க வேண்டும்.

நிலம் போனது. அப்புறம் ரத்தத்தையே குறை சொல்ல ஆரம்பித்தார்கள். அமெரிக்காவில் பெரிய நோபல் விஞ்ஞானி லினஸ் பாலிங், இந்த மரபணு உள்ள இளைஞர்கள் ஒவ்வொருவர் நெற்றியிலும் பச்சை குத்திவிட வேண்டும் என்று 1968-இல் எழுதினார். ஒருவரையொருவர் பார்த்தவுடன் அடையாளம் கண்டு காதலிக்காமல் விலகிவிடுவார்களாம். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். நெற்றியில் அடையாளம் என்றால் என்ன என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஒற்றை மரபணு மட்டும் உள்ள கறுப்பின இளைஞர்களை அந்நாட்டு விமானப்படைக் கல்லூரி 1981 வரை சேர்த்துக்கொள்ளவில்லை. அவர்கள் நோயாளிகளே அல்லர்.

2023 ஜூலை 1-இல் மத்தியப் பிரதேசத்து ஷாடோலில் பிரதமர் தொடங்கிய அரிவாள் செல் ஒழிப்பு இயக்கம் ஏழு கோடிப் பேரைப் பரிசோதித்து, 2047-க்குள் நோயை ஒழிப்போம் என்கிறது. பரிசோதனை வேண்டும். அதை எதிர்ப்பவன் பழங்குடிக்கு எதிரி. ஆனால் கையில் அட்டையைக் கொடுத்து, கல்யாணத்துக்கு முன்னால் பொருத்திப் பாருங்கள் என்று சொல்வதோடு நின்றால், நோயின் பாரம் முழுதும் ஆதிவாசிப் பெண்ணின் கழுத்தில் விழும். ஹைட்ராக்ஸியூரியா மாத்திரையும், ஏற்ற ரத்தமும், வலிக்கு மருந்தும் மலையிலேயே கிடைக்க வேண்டும். அட்டை அதற்குப் பிறகு. 2013-இல் அட்டப்பாடியில் பச்சிளம் குழந்தைகள் அடுத்தடுத்துச் செத்தபோது தாய்மார்களின் ரத்தசோகையும் பட்டினியும்தான் பேச்சாக இருந்தன. பட்டினிக்கு எந்த மரபணு காரணம்?

அட்டை ஏன் மலைக்கு மட்டும் என்றும் கேட்க வேண்டும். சாதிக்குள்ளேயே கட்டிக்கொள்வதுதான் சாதி என்று அம்பேத்கர் 1916-இல் கொலம்பியாவில் வாசித்த கட்டுரையில் நிறுவினார். சரியாக நூறு வருஷம் கழித்து, 2016-இல், வங்காளத்துக் கல்யாணியிலுள்ள மரபணுவியல் நிறுவனத்தார் இந்தியர்களின் டி.என்.ஏ.வைப் படித்து, ஏறத்தாழ எழுபது தலைமுறைக்கு முன் கலப்பு நின்று அகமணம் இறுகியது என்று எழுதினார்கள். அப்படி அடைத்து வைத்ததில் சாதிக்குச் சாதி தனித்தனி நோய்கள் தேங்கின. வைசியர்களில் சிலருக்கு அறுவை சிகிச்சை மேசையில் கொடுக்கும் ஒரு மருந்து உடம்பில் கரையாமல், தசை நெடுநேரம் செயலற்றுப் போகும். மயக்க மருத்துவர்களுக்கு இது தெரிந்த சேதி. அது அவர்கள் குற்றம் அல்ல. ஆனால் யாராவது அவர்கள் வீட்டுக்குப் போய், உங்கள் ரத்தம் கெட்டது, அட்டை வாங்குங்கள் என்கிறார்களா? சொந்த சாதியில் பெண் எடுக்காதே என்று கொங்கு மண்டலத்தில் எந்தச் சுகாதாரத் துறை சுவரொட்டி ஒட்டும்? இங்கே ரத்தம் கலந்தால் என்ன நடக்கும் என்பதை 2015-இல் பள்ளிப்பாளையம் தண்டவாளத்தில் கோகுல்ராஜின் உடலையும், 2016-இல் உடுமலையில் சங்கரின் உடலையும் போட்டுக் காட்டினார்கள்.

ஆகவே சாதி ரத்தத்தில் தடம் விட்டிருக்கிறது, நோயாக. பாதுகாப்பாக எதையும் அது தரவில்லை. சாக்கடை வாயுவைத் தாங்கும் மரபணு அருந்ததியருக்கு இல்லை. பார்ப்பனருக்கும் இல்லை, கவுண்டருக்கும் இல்லை.

அந்த வாயுவைப் பற்றி நம் பிள்ளைகள் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுண்டு. ஹைட்ரஜன் சல்பைடு முதலில் அழுகிய முட்டையாக நாறும். காற்றில் பத்து லட்சத்துக்கு நூறு பங்கு அளவை எட்டியதும் சில நிமிடங்களில் நாற்றம் நின்றுவிடும். “மூக்கு பழகிருச்சு” என்று இறங்கியவன் நினைப்பான். மேலே நிற்கிறவன், “பாத்தியா, பழகிருச்சு” என்பான். நடந்தது வேறு: மோப்ப நரம்பு மரத்துவிட்டது. ஆயிரம் பங்கை எட்டினால் ஒன்றிரண்டு மூச்சிலேயே ஆள் விழுவான். தூக்கக் குதித்தவனும் விழுவான். பழக்கம் என்று அவர்கள் சொல்வது விஷம் ஏறியதன் அடையாளம். மலக்குழி மரணத்துக்கு 2014-இல் உச்ச நீதிமன்றம் பத்து லட்சம் என்றது. 2023 அக்டோபரில் முப்பது லட்சமாக்கியது. ஆளை இறக்கக் கூடாது என்ற சட்டமும் இருக்கிறது.

வெயில் கதையும் இப்படித்தான். கறுத்த தோல் புற ஊதாக் கதிரைத் தடுக்கும், அது மெய்யான தகவமைப்பு. சூட்டைத் தடுக்காது. வெயிலில் வேலை செய்யும் உடம்பு ஒன்றிரண்டு வாரத்தில் முன்னைவிட நன்றாக வியர்த்துத் தாக்குப் பிடிக்கக் கற்றுக்கொள்ளும். நிழலில் உட்கார்ந்தால் ஒரு மாதத்துக்குள் அது பெரும்பாலும் போய்விடும். அதற்குச் சாதி இல்லை. பண்ணையத்துக்காரர் மகனும் ரெண்டு வாரம் மம்பட்டி பிடித்தால் அவனுக்கும் வரும். தண்ணியும் நிழலும் இல்லாவிட்டால் பழகியவனும் சுருண்டு விழுவான்.

பவானிக்கே வருகிறேன். எங்கள் ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது எல்லோருக்கும் பெருமை. நூலைச் சாயத்தில் முக்கிய கைகளைப் பற்றிப் பேச்சில்லை. சாய ஆலைத் தொழிலாளிகளுக்கு மூத்திரப்பையில் புற்று வருவதை பிராங்பர்ட்டில் ரேன் என்ற மருத்துவர் 1895-லேயே சொன்னார். பென்சிடின் சாயங்களை இந்தியா தடை செய்ததோ 1990-களில். தொட்டதற்கும் நோய் தெரிவதற்கும் நடுவே இருபது வருஷத்துக்கு மேலும் ஆகும். அதற்குள் பட்டறை மூடிப் பெயர் மாறியிருக்கும். என் சித்தப்பா பதினெட்டு வருஷம் நூல் முக்கினார். மூத்திரத்தில் ரத்தம் வந்தபோது, “சாயந்தான் எறங்குது, பழகுனவனுக்கு ஒன்னுமில்ல” என்று பட்டறையில் சொல்லி அனுப்பினார்கள். சாயம்தான் கொன்றது என்று காட்ட எங்களிடம் காகிதம் இல்லை. எந்தக் கூலிப் பதிவேட்டிலும் அவர் பெயர் கிடையாது.

அதனால் நாங்கள் சிலர் ஒரு நோட்டுப் போட்டிருக்கிறோம். வளவு வளவாகப் போய், யார் எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம் வரை சாயத்தொட்டியில் நின்றார்கள், என்ன நிறம், கையுறை இருந்ததா, இப்போது என்ன தொந்தரவு, செத்திருந்தால் எப்படி என்று எழுதுகிறோம். பவானி முடிந்ததும் காளிங்கராயன் வாய்க்கால் ஓரமாக ஈரோடு வரை போவதாக இருக்கிறோம். தோல் தொழிற்சாலையில் வேலை செய்தவர்களையும் சேர்க்க வேண்டும். எழுதத் தெரிந்த மாணவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தால் வேலை சீக்கிரம் ஆகும்.