ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி

பெங்களூருக்கு மாற்றலாகி வர்ற தமிழன் முதல்ல கத்துக்கிற கன்னடம் இதுதான். ரெண்டு பேர் சீட்ல மூணாவதா உட்காரவும் இதைச் சொல்வாங்க, ஓனர் வாடகையை ஏத்தும்போதும் இதைச் சொல்வாங்க. சர்வர் படுத்துக்கிச்சுன்னா வங்கிக் கவுன்டர்ல நானே தினமும் சொல்றேன். ஆனா ஒரே ஒரு கடையில மட்டும் இந்த வார்த்தையைக் கேட்டா எழுந்து வந்துடணும்கிறது என் கட்சி. ஸ்கேட்ஸ் விக்கிற கடை.

முதல்லயே சொல்லிடறேன், இது புல்தரை ஹாக்கி இல்லை. 2025 கடைசியில சென்னையிலயும் மதுரையிலயும் ஜூனியர் உலகக் கோப்பை நடந்துச்சே, அது வேற. இது சக்கரம் வச்ச பூட்ஸ் மாட்டிக்கிட்டு ஆடுறது. அதுலயும் ரெண்டு ஜாதி. முன்னாடி ரெண்டு, பின்னாடி ரெண்டு சக்கரம் வச்ச ஸ்கேட்ஸ்ல பந்தோட ஆடுறது ரோலர் ஹாக்கி. நாலு சக்கரமும் ஒரே வரிசையில இருக்கிறதுல தட்டையான பக் வச்சு ஆடுறது இன்லைன் ஹாக்கி. என் பொண்ணு ஆடுறது ரெண்டாவது. வயசு பன்னிரண்டு. கத்தறதுக்கு ஆளே தேவையில்லை, அவளே மொத்த ஸ்டேடியம்.

இந்த ஊர்ல அபார்ட்மென்ட் பேஸ்மென்ட், பார்க்னு எங்க பார்த்தாலும் சாயங்காலம் ஸ்கேட்டிங் வகுப்பு. போய் நின்னு பாருங்க. பத்துப் பிள்ளைங்கள்ல பாதிக்குக் கணுக்கால் உள்பக்கமா சாய்ஞ்சிருக்கும், வாத்து மாதிரி. கோச் "ஆங்கிள் வீக்"ம்பார். உடனே மெடிக்கல் ஷாப்புக்கு ஓடி எலாஸ்டிக் உறை வாங்கி மாட்டிவிடுவோம். எங்க வீட்லயும் அதே தீர்ப்புதான் வந்துச்சு. கணுக்கால் உள்பக்கம் வலி, பாதமும் காலும் சேர்ற முன்பக்கம் எரிச்சல். அரை மணி நேரம் ஆடினா மறுநாள் நொண்டல். "எனக்குக் கால் சரியில்லப்பா, விட்டுடறேன்"ன்னு அவளே சொல்ற நிலைமை. எலும்பு டாக்டர் பார்த்துட்டு எலும்பு, தசைநார் எல்லாம் நல்லாருக்குன்னுட்டார். நல்லாருக்கிற கால் ஏன் சாயுது?

மூணாவது மாடியில ஒருத்தர் இருக்கார். கனடாவுல பத்து வருஷம் பொட்டி தட்டிட்டுத் திரும்பினவர், பசங்க அங்க ஐஸ் ஹாக்கி ஆடியிருக்காங்க. பூட்ஸை எடுத்துட்டு வரச் சொன்னார். உள் அட்டையை உருவி, அது மேல பொண்ணை வெறுங்காலோட நிக்க வச்சார். முன்னாடி ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல காலி! "சார், இதுல காலும் இருக்கு, வாடகைக்கு விட இடமும் இருக்கு"ன்னார்.

அந்த பூட்ஸ் என் மாமனார் ஊர்ல இருந்து வந்தப்போ ஆசையா வாங்கிக் கொடுத்தது. கடைக்காரர் சொன்னாராம், "வளர்ற கால் சார், ரெண்டு சைஸ் பெருசா எடுங்க, ரெண்டு சாக்ஸ் போட்டா அட்ஜஸ்ட் ஆயிடும்." பிரிட்டிஷ் அளவுல ஒரு சைஸ்ங்கிறது ஒரு இன்ச்ல மூணுல ஒரு பங்கு, 8.46 மில்லிமீட்டர். ரெண்டு சைஸ்னா கிட்டத்தட்ட 17 மில்லிமீட்டர். நடக்கிற ஷூவுல இதை ஓரளவு சமாளிக்கலாம். குறுகலான சக்கர வரிசை மேல நிக்கும்போது முடியாது. குதிகால் பூட்ஸுக்குள்ள ஒவ்வொரு தள்ளலுக்கும் தூக்கும், பக்கவாட்டுல ஆடும். அதை நிறுத்தத்தான் கணுக்கால் தசை முழு நேரமும் போராடுது. பிள்ளை லேசை இன்னும் இறுக்கிக் கட்டும். அந்த லேஸ் முன்பக்கத் தசைநாரை அழுத்தும், எரிச்சல் அதனால. எலாஸ்டிக் உறை போட்டா உள்ள ஒரு மடிப்பு கூடுது, அவ்வளவுதான். ஆக பலவீனம் கால்ல இல்லை, பில்லுல.

"உசரமான பூட்ஸ் போட்டாத்தான் கணுக்காலுக்கு ஆதரவு"ன்னு ஒரு வாதம் வரும். நம்ம சென்னைப் பையன் ஆனந்த்குமார் வேல்குமார் 2025 செப்டம்பர்ல சீனாவுல நடந்த உலக ஸ்பீட் ஸ்கேட்டிங் போட்டியில 1000 மீட்டர்ல தங்கம் வாங்கினார், இந்தியாவுக்கு அந்தப் போட்டியில முதல் தங்கம். அந்த வேகப் போட்டி பூட்ஸைப் பார்த்திருக்கீங்களா? கணுக்கால் உயரத்தோட நின்னுடும். அதுல ஆதரவு உயரத்துல இருந்து வரலை. குதிகாலைக் கவ்விப் பிடிக்கிறதுல இருந்து வருது.

கேள்வி என்னன்னா, நாம ஏன் எப்பவும் பெருசா வாங்குறோம்? கஞ்சத்தனம்னு மட்டும் சொன்னா நியாயமில்லை. சரியான நீளத்துல எடுத்தா நிறையப் பேருக்கு முன்பாதம் நசுங்குது. சென்னை அடையாறுல இருக்கிற மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், நம்ம சி.எல்.ஆர்.ஐ., 2021 டிசம்பர்ல இருந்து 2022 மார்ச் வரைக்கும் நாடு முழுக்க 79 இடங்கள்ல ஒரு லட்சம் பேருக்கு மேல பாதத்தை முப்பரிமாணக் கருவியில அளந்தாங்க. ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களை விட நம்ம பாதம் அகலம்னு அதுல வந்துச்சு. நாம வாங்குற ஷூ அளவோ பிரிட்டிஷ்காரன் விட்டுட்டுப் போனது. இந்தியாவுக்குன்னு தனி அளவுமுறை கொண்டு வரணும்னு சொல்லி அதுக்கு 'பா'ன்னு பேரும் வச்சாங்க, பாரத்ல வர்ற 'பா'.

அகலம் பத்தாததுக்கு நீளத்தைக் கூட்டி வாங்குறோம், நீளம் கூடினதால குதிகால் ஆடுது. நோய் இதான். மருந்து, அதே நீளத்துல அகலமான பூட்ஸ். ஹாக்கி ஸ்கேட்ஸ் செய்யுற பெரிய கம்பெனிகள் ஒரே நீளத்துல ரெண்டு மூணு அகலம் செய்யுறாங்க. பாயர் கம்பெனியில ஃபிட் 1, 2, 3ன்னு அகலம், ஆழம் எல்லாத்தையும் வச்சுப் பிரிச்சிருக்காங்க. ஆனா நான் ஏறி இறங்கின அஞ்சு கடையிலயும் அகலம்னு கேட்டதும் என்னைப் பார்த்த பார்வை இருக்கே, லோன் கேட்டு வந்தவரை நான் பார்க்கிற மாதிரியே இருந்துச்சு :-)

அதே சர்வேயில இன்னொரு சேதி. சராசரி இந்தியப் பெண்ணோட பாத அளவு 11 வயசுலயே உச்சத்துக்கு வந்துடுதாம், ஆணுக்கு 15, 16. பன்னிரண்டு வயசுப் பொண்ணுக்கு 'வளர்ற கால்'னு ரெண்டு சைஸ் கூட்டித் தலையில கட்டினாங்களே, என்ன கணக்கோ! எல்லாக் காலும் சராசரிக் கால் இல்லைதான். அப்படியே வளர்ந்தாலும் பி.காம்ல தேய்மானம்னு ஒரு பாடம் படிச்சோமே. ஸ்கேட்ஸ் சொத்து இல்லை, ஒரு வருஷச் செலவு. சரியான அளவுல வாங்கி, சிறுசானதும் அபார்ட்மென்ட் வாட்ஸப் குரூப்புல பாதி விலைக்குத் தள்ளிவிட்டு அடுத்ததை அங்கேயே பழசா வாங்கலாம். பிசியோதெரபிக்கு ஒரு தடவைக்கு ஐநூறு, அறுநூறு கொடுக்கிறதுக்கு இது மேல்.

மூணாவது மாடிக்காரர் சொல்லிக் கொடுத்த சோதனைகள். சாயங்காலம் அளங்க, அப்பத்தான் பாதம் லேசா வீங்கியிருக்கும். சாக்ஸ் ஒண்ணே ஒண்ணு, மெல்லிசா. லேஸ் கட்டி நிமிர்ந்து நின்னா விரல் நுனி முன்பக்கத்தைச் சும்மா தொடணும், முட்டியை மடக்கினா விட்டு விலகணும். முட்டி மடக்கின நிலையில குதிகாலுக்குப் பின்னாடி சுண்டுவிரல் நுழைஞ்சா பூட்ஸ் பெருசு. அப்புறம் பென்சில் சோதனை. லேஸைத் தளர்த்திட்டு, நாக்கை முன்னாடி இழுத்துவிட்டு, மேல இருந்து மூணாவது ஓட்டை உயரத்துல குறுக்கா ஒரு பென்சிலை வைங்க. ரெண்டு விளிம்புலயும் பென்சில் உட்காரணும். புறங்கால்ல முட்டிக்கிட்டு நின்னா ஆழம் பத்தாது, லேஸ் கடிக்கும். லேஸை கணுக்கால் வளைவுல இறுக்கி, மேல் ஓட்டையில தளர்வா விடணும். நம்ம பசங்க செய்யுறது நேர்மாறா. சாவி திருகி நீட்டுற அட்ஜஸ்டபிள் ஸ்கேட்ஸ் கத்துக்கிற முதல் ஆறு மாசத்துக்குச் சரி. பல மாடல்ல நீளம்தான் கூடுமே தவிர குதிகால் பிடிப்பு மாறாது, ஹாக்கிக்கு ஆகாது.

இதெல்லாம் பண்ணியும் வலி ரெண்டு மூணு வாரத்துக்கு மேல இருந்தா டாக்டர்தான். எட்டுல இருந்து பதினாலு வயசுக்குள்ள குதிகால் வளர்ச்சித் தட்டுல வலி வர்றது சகஜம், அதை பூட்ஸ் மாத்திச் சரி பண்ண முடியாது.

"லடாக்ல ராணுவ பூட்ஸுக்கு அடியில பிளேடு மாட்டி ஐஸ் ஹாக்கி ஆடலியா?"ன்னு ஆபீஸ்ல ஒரு சீனியர் கேட்டார். ஆடினாங்க சார். வேற வழியில்லாம ஆடினாங்க. அந்த லடாக் பொண்ணுங்க நிறைஞ்ச இந்திய அணி 2016ல முதல் சர்வதேசப் போட்டிக்குப் போகவே பொதுமக்கள்கிட்ட நிதி திரட்ட வேண்டியிருந்துச்சு. 2025ல அமீரகத்துல ஆசிய ஓஷியானியா கோப்பையில வெண்கலம் வாங்கினாங்க. வாங்கினப்போ கால்ல ராணுவ பூட்ஸ் இல்லை.

பொண்ணுக்கு இப்போ அகலமான ஜோடி, மூணாவது மாடிக்காரரோட மருமகள் டொரன்டோவுல இருந்து வரும்போது கொண்டு வந்தது. ஆறு வாரமாச்சு. உறையைக் கழட்டியாச்சு, எரிச்சல் இல்லை, உள்பக்க வலி நீண்ட ஆட்டத்துக்கு அப்புறம் மட்டும் கொஞ்சம். பழைய ஜோடி பளபளன்னு அப்படியே கிடக்கு. உள்நீளம் 25 சென்டிமீட்டர். எச்.எஸ்.ஆர். லேஅவுட் பக்கம் யார் வீட்லயாவது அதுக்குச் சரியான கால் இருந்தா சொல்லுங்க, பென்சிலோட வாங்க. என் மாமனார் காதுக்கு மட்டும் போகாம பார்த்துக்குங்க.