‘டி டிரைவ்ல தானே இருக்கு, ஒண்ணும் ஆகாது’னு நினைக்கிறவங்களுக்கு ஒரு இழை

இது மருத்துவப் பதிவு இல்லை. ஆனா ஓபிக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கு, கீழே வரும்.

2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்த ஆதரவு முடிஞ்சுது. அதுலேர்ந்து போடியில எந்த கம்ப்யூட்டர் கடைக்குப் போனாலும் ஒரே பேச்சுதான். "ஹார்டு டிஸ்கைத் தூக்கிட்டு எஸ்எஸ்டி போட்டுருவோம் சார், அப்படியே விண்டோஸ் 11-உம் ஏத்திருவோம்."

யோசனை தப்பில்லை. பழைய லேப்டாப் ஆன் ஆகுறதுக்குள்ள டீ ஆறிப்போகுதுன்னா, பெரும்பாலும் காரணம் உள்ள சுத்துற அந்தத் தட்டுதான். நிமிஷத்துக்கு 5400 சுற்று சுத்துது, அது மேல ஒரு சின்னக் கை போய்த் தேடித் தேடிப் படிக்கணும். எஸ்எஸ்டில சுத்துற பாகமே கிடையாது. புது லேப்டாப் விலையில சின்னப் பங்குதான் செலவு, வித்தியாசம் அன்னைக்கே தெரியும்.

டிஸ்க், ஓஎஸ் ரெண்டையும் ஒரே நாள்ல மாத்தலாமா? என் கருத்து: மாத்தலாம். சொல்லப்போனா அதுதான் பாதுகாப்பு. பழைய டிஸ்க் மேலேயே அப்கிரேடு பண்ணி அது பாதியில நின்னா, பழைய நிலைக்குச் சரியாத் திரும்பும்னு உறுதி இல்லை. புது எஸ்எஸ்டில புதுசா ஓஎஸ் போட்டா, ஏதாவது சொதப்பினாலும் பழைய டிஸ்கைத் திரும்ப மாட்டினா போதும், நேத்து இருந்த கம்ப்யூட்டர் அப்படியே வந்துரும்.

ஒரே நிபந்தனை, பழைய டிஸ்க் அழிக்கப்படாம உங்க கைக்கு வரணும்.

இங்கதான் டி டிரைவ் விஷயம். இத்தனை வருஷமா நமக்குச் சொல்லிக்கொடுத்தது, "முக்கியமானதை டில வைங்க, ஃபார்மட் பண்ணாலும் போகாது." உண்மைதான், ஓஎஸ் மட்டும் மாத்துறப்ப. ஆனா சியும் டியும் தனித்தனி டிஸ்க் இல்லை. பெரும்பாலான வீட்டு லேப்டாப்ல ஒரே டிஸ்கை ரெண்டாத் தடுத்திருக்காங்க, அவ்வளவுதான். ஒரே வீட்டுல ரெண்டு அறை. வீட்டையே காலி பண்றப்ப எந்த அறையில வச்சா என்ன?

ஏலத்தோட்ட வேலைக்கு மலைக்குப் போற ஒரு அம்மா ஓபிக்கு வந்தாங்க. இதய வால்வு பிரச்சனை. மழையில கிடந்து ஃபைல் நஞ்சு போகுதுன்னு, பையன் எக்கோ ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி லேப்டாப்ல வச்சிருந்தான். புத்திசாலிப் பையன். கடையில டிஸ்க் மாத்திக் கொடுத்தாங்க. "பழைய டிஸ்க் எங்கப்பா?"ன்னு கேட்டேன். "அது கடையிலயே இருக்கும் சார்"னான். போய்க் கேட்டப்ப அது அழிச்சு வேற ஒருத்தருக்குப் போயிருச்சு. போன வருஷ எக்கோவோட ஒப்பிட முடியாம நிக்கிறோம். வால்வு நோயில ஒரு தடவை எடுத்த அளவு பாதிக் கதைதான், எவ்வளவு வேகமா மாறுதுங்கறதுதான் மீதி.

அழிக்காமலே வேற ஒருத்தர் கைக்குப் போயிருந்தா? ஆதார், பேங்க் பாஸ்புக், நோய் விவரம், எல்லாம் ஊருக்குப் பொது. அதனால டிஸ்கை வாங்காம கடையை விட்டு இறங்காதீங்க. கூச்சப்படவே வேண்டாம், அது உங்க பொருள்.

டிஸ்க் டிக் டிக்னு சத்தம் போடுது, ஃபைல் திறக்க அடிக்கடி உறைஞ்சு நிக்குதுன்னா அது எமர்ஜென்சி கேஸ். அப்கிரேடு, ஸ்கேன், ரிப்பேர் எதுவும் அது மேல ஓட்டாதீங்க. முதல்ல போட்டோவும் ஆவணமும் வெளியே வரட்டும். உயிர் ஊசலாடுறவரை டிரெட்மில்ல ஓடவிட்டு டெஸ்ட் எடுக்க மாட்டோம் இல்லையா.

நம்மூருக்கே உரிய ரெண்டு சிக்கல். பழைய தமிழ் ஆவணங்கள் பாமினி, வானவில்னு யூனிகோடு இல்லாத எழுத்துருக்கள்ல இருக்கும். புது ஓஎஸ்ல திறந்தா ஆங்கில எழுத்தும் குறியுமாக் கொட்டும். ஃபைல் கெட்டுப்போகலை, எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். சி டிரைவ்ல விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள இருக்கிற ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் சேர்த்து நகல் எடுத்து வச்சுக்கோங்க. ரெண்டாவது, ஏலக்காய் வியாபாரிகள் பலர்கிட்ட இருக்கிற டேலி. டிஸ்கைக் கழட்டுறதுக்கு முன்னாடி அதோட லைசென்ஸை சரண்டர் பண்ணுங்க. ஏலம் நடக்குற அன்னைக்குக் கணக்கு திறக்கலைன்னு நிக்க வேண்டாம்.

இன்னும் பல வீடுகள்ல அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப்தான். 2011 செப்டம்பர்ல தொடங்கின திட்டம். அந்த ஆரம்ப வருஷத்து மெஷின்கள் விண்டோஸ் 11 கேட்கிற டிபிஎம் 2.0 சிப், எட்டாம் தலைமுறை இன்டெல் பிராசஸர் எதுலயும் தேறாது. சில கடைகள்ல குறுக்கு வழியில ஏத்தித் தர்றாங்க. ஓடலாம், ஆனா அப்டேட் வரும்னு மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தராது. கூடவே கிராக் வேற போட்டு, அது ஓடணும்னு ஆன்டிவைரஸையும் அணைச்சுடுறாங்க. போலி டாக்டர்கிட்ட ஊசி போட்டுக்கறது மாதிரிதான் இது.

அந்த மெஷின்களுக்கு என் பரிந்துரை எஸ்எஸ்டி, முடிஞ்சா கூடுதல் ரேம், அப்புறம் லினக்ஸ் மின்ட். இலவசம், அப்டேட் வரும். லினக்ஸ்னதும் மிரள வேண்டாம். அந்த லேப்டாப்கள்லயே விண்டோஸோட பாஸ் லினக்ஸும் சேர்ந்துதான் வந்துது, நாமதான் திறந்து பார்க்கலை. பசங்களுக்கு பிரவுசர், பிடிஎஃப், ஸ்காலர்ஷிப் விண்ணப்பம், இதுக்கு இது தாராளம். டேலி ஓட்டணும்னா மட்டும் விண்டோஸ்லயே இருங்க.

"அப்டேட் இல்லாட்டி என்ன சார், ஓடுதே?" 2017 மே மாதம் வானாக்ரை வைரஸ் இங்கிலாந்து அரசு மருத்துவமனைகளை முடக்குச்சு. ஆயிரக்கணக்கான அப்பாயின்ட்மென்ட் ரத்து. அதை அடைக்கிற அப்டேட் மார்ச்லயே வந்திருந்துது, போடலை. 2022 நவம்பர்ல டெல்லி எய்ம்ஸ்லயும் வேறொரு தாக்குதல்ல சர்வர்கள் முடங்கி, நாள்கணக்குல கையால எழுதி ஓட்டினாங்க.

தகுதியுள்ள மெஷின்ல புதுசா விண்டோஸ் 11 போடுறவங்க ஒண்ணு கவனிங்க. மைக்ரோசாஃப்ட் கணக்கோட உள்ள நுழைஞ்சா டிஸ்க் தானாவே பூட்டிக்கலாம். திறக்கிற ரெக்கவரி கீ அந்தக் கணக்குக்குள்ள இருக்கும். கடைக்காரர் தன்னோட மெயில்ல கணக்கு போட்டுக் கொடுத்தா சாவி அவர்கிட்ட. உங்க மெயில்லதான் போடணும்னு சொல்லிடுங்க, 48 இலக்கக் கீயைத் தாள்ல எழுதி ரேஷன் கார்டோட வைங்க.

மலைக்கு மேல, போடிமெட்டு பக்கம் இருக்கிறவங்க இந்த வேலையைக் கரண்ட் நிக்கிற நாளாப் பார்த்து அடிவாரத்துல முடிச்சுட்டுப் போங்க. பேட்டரி செத்த லேப்டாப்ல பாதி ஏத்தும்போது கரண்ட் போனா மறுபடி முதல்லேர்ந்து.

வாங்கி வந்த பழைய டிஸ்குக்கு யுஎஸ்பி கவர் ஒண்ணு கடையிலயே கிடைக்கும். புது மெஷின்ல எல்லா ஃபைலும் திறக்குதான்னு பார்த்து, ஆறு மாசமாவது ஈரம் படாத டப்பாவுல, மேல பேரும் தேதியும் எழுதி வைங்க. சந்தேகம் இருந்தா கமென்ட்ல கேளுங்க, டூட்டி முடிச்சு வந்து பதில் போடுறேன்.