கார்ல போகவே போகாத வெள்ளைப் புள்ளி... உங்க வாளித் தண்ணி என்ன சொல்லுது?

குடிநீர்ல கார் கழுவினா 5,000 ரூபாய் அபராதம். 2024 மார்ச்சில் பெங்களூரு குடிநீர் வாரியம் போட்ட இந்த உத்தரவு, உங்க ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப் வரைக்கும் வந்திருக்கும். சும்மா மிரட்டுறாங்கன்னு நினைச்சவங்களுக்கு அதே மாசம் பதில் கிடைச்சது. 22 வீடுகள்ல மொத்தம் 1.1 லட்சம் ரூபாய் வசூல் பண்ணிட்டாங்க. 2025 பிப்ரவரியில், கோடை முழுசா தொடங்குறதுக்கு முன்னாடியே அதே தடை திரும்பவும் வந்துச்சு. சொல்லியும் கேட்காதவங்களுக்கு நாளொன்றுக்கு 500 ரூபாய் கூடுதல்.

சுமார் 100 கிலோமீட்டர் தூரத்துல இருந்து காவிரியைப் பம்ப் பண்ணி மேலே ஏத்துற ஊர் அது. அந்தத் தண்ணியில பானெட்டைக் குளிப்பாட்டக் கூடாதுங்கிறதுல ரெண்டு கருத்து இருக்க முடியாது. ஆனா, உத்தரவு 'எதுல கழுவக் கூடாது'ன்னு சொல்லிடுச்சு. அப்புறம் ஆளாளுக்குக் கை போற இடம் எது? போர் தண்ணி, டேங்கர் தண்ணி, இல்லன்னா கிச்சன்ல இருக்கிற ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளுற கழிவுத் தண்ணி. உங்க கார்ல எத்தனை ஷாம்பூ போட்டாலும் போகாம ஒட்டிக்கிட்டு இருக்கிற வெள்ளைப் புள்ளியோட கதை இங்கதான் ஆரம்பிக்குது.

இது பெங்களூரு கதை மட்டும் இல்லை. 2019-ல ஜோலார்பேட்டையில இருந்து ரயில்ல தண்ணி வந்த சென்னையில, ஓ.எம்.ஆர். பக்கம் இருக்கிற பல அபார்ட்மென்ட்டுக்கு இன்னிக்கும் போரும் டேங்கரும்தான் கதி.

புள்ளிக்குள்ள என்ன இருக்கு?

நிலத்தடித் தண்ணியில கால்சியம், மெக்னீசியம் உப்பு கரைஞ்சிருக்கும். குடிநீர்ல இந்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள்ள இருந்தா நல்லது, வேற வழியே இல்லன்னா 600 வரைக்கும் போகலாம்னு இந்தியத் தர நிர்ணயம் சொல்லுது. 600-னே வச்சுப்போம். நீங்க ஹோஸைப் பிடிச்சுக்கிட்டு 100 லிட்டர் ஊத்தினா, 60 கிராம் உப்பு உங்க கார் மேல பயணம் போகுது. பெரும்பகுதி தரையில ஓடிடும். பானெட்லயும் ரூஃப்லயும் தங்குற துளி வெயில்ல காயும்போது, தண்ணி மட்டும்தான் ஆவியாகும். உப்பு அங்கேயே உட்கார்ந்துக்கும். கீசர் காயில்லயும் பாத்ரூம் குழாயிலயும் படியுற அதே வெள்ளைதான் இது. கறுப்பு காரா இருந்தா ஊருக்கே தெரியும், வெள்ளை கார்ல உங்களுக்கு மட்டும் தெரியும். அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்போ ஆர்.ஓ. கழிவுத் தண்ணிக்கு வருவோம். 'வீணாக்காதீங்க, கார் கழுவுங்க'ன்னு அசோசியேஷன் நோட்டீஸ் போர்டுல பார்த்திருப்பீங்க. எண்ணம் நல்ல எண்ணம். கணக்குதான் இடிக்குது. டி.டி.எஸ். 1,200 இருக்கிற போர் தண்ணி 4 லிட்டர் உள்ளே போய், 1 லிட்டர் குடிநீரும் 3 லிட்டர் கழிவும் வெளியே வருதுன்னு வைங்க. குடிநீர்ல இருந்து பிரிச்ச உப்பு எங்க போகும்? கழிவோட டி.டி.எஸ். 1,550-ஐத் தாண்டிடும். கறை வர வைக்கிற தண்ணியிலேயே கெட்டியான தண்ணியைத் தேடிப்பிடிச்சு ஊத்துறோம். வீடு துடைக்க, டாய்லெட்டுக்கு ஊத்த அது தாராளமா போதும். காருக்கும் முதல் ரவுண்ட்ல சேறு, மண்ணை இறக்கப் பயன்படுத்தலாம். ஆனா அது கார் மேலயே காயக் கூடாது.

சரி, வந்த கறையை என்ன பண்றது?

முதல்ல அது படிஞ்ச கறையா, அரிச்ச கறையான்னு பாருங்க. காரை நிழல்ல நிறுத்தி, பாடி நல்லா ஆறின பிறகு, சாதாரண வெள்ளை வினிகரையும் ஆர்.ஓ. குடிநீரையும் சரிபாதி கலந்து, ஒரு மைக்ரோஃபைபர் துணியை நனைச்சுப் புள்ளி மேல ஒண்ணு ரெண்டு நிமிஷம் வைங்க. தேய்க்க வேண்டாம். கால்சியம் கறையை அந்த அமிலம் கரைச்சிடும். அப்புறம் லேசா துடைச்சு, உடனே ஷாம்பூ தண்ணியில கழுவிடுங்க, வினிகர் பெயின்ட் மேலயே காய விடாதீங்க. பழைய கறைன்னா ரெண்டு மூணு தடவை பண்ண வேண்டியிருக்கும். மேட் ஃபினிஷ் வண்டி, புதுசா ரீபெயின்ட் பண்ண வண்டின்னா இதைத் தொடாதீங்க. மெட்ரோ வேலை நடக்கிற ரோட்டுல மேலே இருந்து விழுந்த சிமென்ட் துளிக்கும் வினிகர் வேலை செய்யும், ஆனா பொறுமை வேணும். நகத்தால சுரண்டினீங்கன்னா கீறல்தான் மிஞ்சும்.

வெள்ளை போயிடுச்சு, ஆனா சாய்வான வெளிச்சத்துல வட்டமா ஒரு தடம் தெரியுதா? அது பள்ளம். உப்பும் வெயிலும் சேர்ந்து, பெயின்ட்டுக்கு மேல இருக்கிற கிளியர் கோட்டை அரிச்சிருக்கு. காக்கா எச்சமும் இதே வேலையைத்தான் இன்னும் வேகமா செய்யும். அதனாலதான் எச்சத்தைப் பார்த்ததும் ஈரத்துணியால ஊற வச்சு எடுக்கணும், ஞாயித்துக்கிழமை வரைக்கும் வச்சிருக்கக் கூடாது. இந்தப் பள்ளத்துக்குக் காம்பவுண்ட் பாலிஷ் ஒண்ணுதான் வழி. பாலிஷ்னா சுத்தியிருக்கிற கிளியர் கோட்டையும் பள்ளம் அளவுக்குச் சீவுறது. அந்த கோட்டோட மொத்த தடிமனே 40, 50 மைக்ரான்தான் இருக்கும், தலைமுடியை விட மெலிசு. 'வருஷா வருஷம் ரப்பிங் பாலிஷ் போட்டுடலாம் சார்'னு யாராவது ஆஃபர் கொடுத்தா, உங்க காரோட தோலை வருஷா வருஷம் உரிக்கக் கூப்பிடுறாங்கன்னு அர்த்தம்.

ரீல்ஸ்ல வர்ற டூத்பேஸ்ட் ஹேக்? அதுலயும் சன்னமான தேய்ப்புப் பொருள்தான் இருக்கு, எவ்வளவு சீவும்னு மட்டும் யாருக்கும் தெரியாது. பாத்திரம் கழுவுற பவுடர், தேங்காய் நார் பத்திப் பேசவே வேண்டாம்.

ஐந்திலக்க விலைக்கு செராமிக் கோட்டிங் போட்டா தப்பிச்சிடலாமான்னு கேட்கிறவங்க நிறைய. அது தண்ணியை முத்து முத்தா உருள வைக்கும், வண்டி ஓடும்போது துளிகள் பறந்துடும். பார்க்கிங்ல நிக்கிற வண்டியில அதே முத்து அப்படியே காயும், ஒவ்வொரு முத்துக்கும் ஒரு வெள்ளை வட்டம். கோட்டிங் கெட்டது இல்லை. ஆனா உங்க தண்ணியை அது மாத்தாது.

காசே இல்லாத தண்ணி

நல்ல தண்ணி ஒண்ணு எல்லார் வீட்டு பால்கனியிலயும் சொட்டிக்கிட்டு இருக்கு. ஏ.சி. தண்ணி. காத்துல இருக்கிற ஈரப்பதம் குளிர்ந்து வர்றதால, அதுல கால்சியம் உப்பு கிட்டத்தட்ட இல்லை. சென்னை மாதிரி வியர்வை ஊர்ல ஒரு ராத்திரிக்கு ஒரு வாளிக்குக் கிட்டத்தட்ட சேர்ந்துடும். தூசி இருக்கும், வேட்டித் துணியில வடிகட்டிடுங்க. குடிக்க மட்டும் கூடாது. போர் தண்ணி ஒரு வாளி, ஷாம்பூ ஒரு வாளின்னு கழுவிட்டு, கடைசி அலசலுக்கு இதை ஊத்தி, காயுறதுக்குள்ள துடைச்சுட்டா புள்ளி விழ வாய்ப்பே கம்மி. நேரம் முக்கியம்: காலை 7 மணிக்கு முன்னாடி, இல்ல வெயில் இறங்கின பிறகு.

இதுல நாம பேசாம விடுற ஒருத்தர், காலையில 5 மணிக்கு வந்து 20, 30 வண்டி துடைக்கிற அண்ணன். தண்ணி தட்டுப்பாடு வந்தா அபார்ட்மென்ட்ல முதல்ல பூட்டுறது அவர் பிடிக்கிற குழாயைத்தான். அப்புறம் அரை வாளி போர் தண்ணி, ஒரே துணி, அத்தனை வண்டி. முதல் கார்ல எடுத்த மண்ணு பத்தாவது கார்ல கோடு போடும். 'அண்ணே, சரியா துடைக்கலையே'ன்னு அவர்கிட்ட சண்டை போடுறதுக்கு முன்னாடி, உங்க வண்டிக்குன்னு தனியா ரெண்டு துணி வாங்கிக் கொடுங்க. தினமும் காய்ஞ்ச தூசியைத் தேய்க்கச் சொல்றதை விட, வாரம் ரெண்டு நாள் ஈரமா துடைக்கச் சொல்லுங்க, சம்பளத்தைக் குறைக்காம. அடுத்த அசோசியேஷன் மீட்டிங்ல, ஏ.சி. பைப்பை எல்லாம் இணைச்சு பார்க்கிங்ல ஒரு டிரம் வைக்க முடியுமான்னு கேட்டுப் பாருங்க. பிளம்பர் செலவு, ஒரு வண்டியோட செராமிக் கோட்டிங் செலவை விடக் கம்மியாவே முடியலாம்.