முகவரி மாறலாம், எண் மாறலாகாது

பழைய கட்டுரை ஒன்றுக்காக நான் சேர்த்து வைத்திருந்த குறிப்புகளை அண்மையில் திறந்து பார்த்தேன். அவற்றிலிருந்த சுட்டிகளில் பாதிக்கு மேல் வேலை செய்யவில்லை. செய்தித் தளமொன்று தன் அமைப்பை மாற்றிக்கொண்டபோது பழைய முகவரிகள் அனைத்தையும் கைவிட்டுவிட்டது. செய்தி எங்கோ கிடக்கலாம். அதனிடம் செல்லும் வழி அறுந்துவிட்டது.

1981 ஜூன் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அதே நாட்களில் ‘ஈழநாடு’ பத்திரிகையின் அலுவலகமும் எரிக்கப்பட்டது. அந்த இழப்பை அறிந்த சமூகம் என்பதாலேயே 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ மின்னூலகத்தை நாம் இவ்வளவு போற்றுகிறோம். ஆனால் நூலைக் காப்பது பாதிப் பணிதான். அதைச் சுட்டும் வழியையும் காக்க வேண்டும்.

நூலகம் தளத்தில் ஒவ்வோர் ஆவணத்துக்கும் ‘நூலக எண்’ ஒன்று உண்டு. நாம் கட்டுரைகளில் நீண்ட இணைய முகவரியை ஒட்டுகிறோமே தவிர, இந்த எண்ணை எழுதுவதில்லை. முகவரி என்பது வீட்டிலக்கம். எண்ணோ ஆளின் பெயர். வீடு மாறினாலும் பெயர் மாறாது.

எண்ணைச் சொடுக்கினால் நூல் திறக்குமா என்று கேட்பீர்கள். லினக்ஸ் கணினியில் திறக்கச் செய்யலாம். மின்னஞ்சல் முகவரியைச் சொடுக்கினால் அஞ்சல் மென்பொருள் திறக்கிறதல்லவா? சுட்டியின் முக்காற்புள்ளிக்கு முன்னுள்ள சொல்லைப் பார்த்தே எந்த மென்பொருளை அழைப்பது என்று கணினி முடிவு செய்கிறது. அவ்விடத்தில் ‘நூலகம்’ என்ற சொல்லை நாமே புதிதாக அறிமுகப்படுத்தலாம்.

செய்ய வேண்டியவை இரண்டு. முதலாவது, ஒரு சிறு நிரல். அது எண்ணை எடுத்து, என் வன்தட்டில் அந்த நூலின் பிரதி இருக்கிறதா என்று முதலில் தேடும். இல்லையெனில் இணையத்தில் திறக்கும். மின்சாரமும் இணையமும் நம்பமுடியாதிருந்த ஆண்டுகளைக் கண்ட எனக்கு இவ்வரிசை முக்கியம். இரண்டாவது, ‘டெஸ்க்டாப்’ என்ற பின்னொட்டுடைய ஓர் உரைக்கோப்பு. ‘எக்ஸ்-ஸ்கீம்-ஹேண்ட்லர்’ என்பதோடு நம் சொல்லையும் சேர்த்து அதில் ஒரு வரி எழுதி, ‘எக்ஸ்டிஜி-மைம்’ கட்டளையால் பதிந்துவிட்டால் வேலை முடிந்தது. நாளை தளத்தின் முகவரி மாறினாலும் நிரலில் ஒரே ஒரு வரியைத் திருத்தினால் போதும். என் குறிப்புகள் அனைத்தும் மீண்டும் உயிர்பெறும்.

ஓர் எச்சரிக்கை. நிரல் இலக்கங்களை மட்டுமே ஏற்க வேண்டும். எவரோ ஒருவர் தம் பக்கத்தில் வைக்கும் சுட்டியும் இதே வழியாக நம் கணினிக்குள் நுழையக்கூடும்.

ஏனைய இயங்குதளங்களிலும் இது இயலும். எனினும் லினக்ஸில் எல்லாம் நம் வீட்டு அடைவிலேயே வாசிக்கத்தக்க உரைக்கோப்புகளாக இருக்கின்றன. ஒரு சுட்டியை எது திறக்க வேண்டும் என்பதை நிறுவனமன்றி நாமே தீர்மானிக்கிறோம்.

ஒரு மனக்குறையும் உண்டு. 2010இல் ‘.இலங்கை’ என்ற தமிழ் ஆள்களப் பெயர் வந்துவிட்டது. ஆனால் முக்காற்புள்ளிக்கு முன்வரும் சொல், 2005இல் வெளியான இணைய நியமத்தின்படி, ஆங்கில எழுத்திலேயே தொடங்க வேண்டும். தமிழ் எழுத்துக்கு அங்கே இடமில்லை. ‘நூலகம்’ என்பதையும் நான் ஆங்கில எழுத்துகளிலேயே எழுதவேண்டியிருக்கிறது.

இந்த ஏற்பாடு என் கணினியில் மட்டுமே இயங்கும் என்பதும் உண்மை. பிறருக்கு எழுதும்போது முழு முகவரியையும் தரத்தான் வேண்டும். ஆகவே எழுதும் நண்பர்களிடம் என் வேண்டுகோள் இதுதான்: முகவரியோடு நூலக எண்ணையும் ஒரு வரியில் குறித்துவிடுங்கள். முகவரி அறுந்த பின்னும் ஒரு மாணவன் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு நூலைக் கண்டடைவான்.